மூன்றாவது ஊசி எந்தக் கையில்?

அருணாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. இதை அவரே எல்லோரிடமும் சொல்வார், கொஞ்சம் பெருமையாகவே சொல்வார். நான் இருபது வருடமாகக் கம்ப்யூட்டரோடு குடித்தனம் நடத்துகிறவன். திருப்பத்தூரில் இரண்டு அறை வைத்துக்கொண்டு ரைஸ் மில்லுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மென்பொருள் எழுதிக் கொடுக்கிறேன். என் பெயர் சைலஸ். என் வேலையில் யாராவது குறை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்படிக் குறை சொன்னவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். அவருக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனுக்கு வேறு எந்த வழியிலும் என்னால் ஈடு செய்ய முடியாது.

அருணாவின் ஊர் ஏரிக்கொல்லை. நெல்லிவாசல்நாட்டின் ஓரத்தில் முப்பத்தெட்டு வீடுகள். ஏரி கிடையாது, என்றைக்கும் இருந்ததாகவும் யாரும் சொல்லவில்லை. பஸ் வருகிற இடத்திலிருந்து ஜீப், ஜீப் நிற்கிற இடத்திலிருந்து கால். அந்த ஜீப்பை ஓட்டுகிறவர் அருணாவின் கணவர் ஆனந்தன். மலையில் முக்கால்வாசிப் பேர் அவர் வண்டியில் தொங்கிக்கொண்டு போனவர்கள்தான். அருணா மட்டும் அதில் ஏறுவது அபூர்வம். ஏன் என்று கேட்டால், "ஜீப்புல போனா வூடுங்க கண்ணுல படாதுங்க" என்பார்.

அப்பா அம்மாவுக்குச் சாமையும் கேழ்வரகும் விளைகிற இரண்டு ஏக்கர் மேட்டு நிலம். அருணா புதூர்நாட்டில் விடுதியில் தங்கிப் பத்தாம் வகுப்பு வரை படித்தார். கணக்கில் முதல் தடவை தேறவில்லை. இரண்டாம் தடவை நாற்பத்தொன்று. அதன்பிறகு கல்யாணம், ஒரு மகள், புளி உடைக்கிற வேலை, நூறு நாள் வேலை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் புதூர்நாட்டில் ஒரு அறக்கட்டளை சிறிய மருத்துவமனை ஒன்றைத் தொடங்கியது. கிராமம் கிராமமாகப் போய் யாருக்கு எந்த ஊசி பாக்கி, எந்தக் குழந்தை எடை குறைகிறது என்று பார்த்துச் சொல்ல ஆள் கேட்டார்கள். அருணா போய் நின்றார். ஏழு ஊர்கள் அவர் பொறுப்பில் வந்தன. அப்போது அவருக்கு இருபத்தேழு வயது.

அந்த மருத்துவமனையின் நர்ஸ் அன்னமேரி. மலையடிவாரத்துக் கத்தோலிக்கக் குடும்பம். கன்னியாஸ்திரி இல்லை, பேரன் பேத்தி எடுத்தவர். ஆனாலும் நர்ஸ் என்பதால் எல்லோருக்கும் சிஸ்டர். அருணா வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒரு ஊரில் பதினான்கு வீடு ஏறி இறங்கி, பதினான்கிலும் "ஊசி போட்டாச்சு" என்று எழுதிக்கொண்டு வந்தார். சிஸ்டருக்குச் சந்தேகம் வந்து தானே போய்ப் பார்த்தார். நான்கு வீட்டில்தான் உண்மையில் எல்லாருக்கும் போட்டிருந்தது. சிஸ்டர் கத்திய கத்தல் புதூர்நாட்டுச் சந்தை வரை கேட்டது என்று ஆனந்தன் இன்றும் சொல்லிக் காட்டுவார்.

அந்த மக்கள் பொய் சொல்லவில்லை. மலையில் ஒரு வீட்டைப் பார்த்துக் கேள்வி கேட்டால் வீடுதான் பதில் சொல்லும். "சாப்டாச்சா?" என்றால் "ஆச்சுங்க" என்பார்கள், அப்போது ஒருவர் கொல்லையில் பசியோடு இருக்கலாம். "ஓட்டு போட்டாச்சா?" "ஆச்சுங்க." ஒருவர் போய்ப் போட்டிருப்பார். ஆளின் பெயரைக் கேட்டாலும் முதலில் வீட்டின் பெயர்தான் வரும். "மேல்வூட்டுப் பொண்ணு", "பலாமரத்து வூட்டுக்காரரு" என்று. ஒரு வீட்டில் நான்கு பிள்ளைகள் இருந்து ஒரு பிள்ளைக்கு ஊசி போட்டிருந்தால், "போட்டாச்சா" என்ற கேள்விக்கு "போட்டாச்சு" என்பது அந்த வீட்டைப் பொறுத்தவரை நியாயமான பதில்தான்.

திட்டு வாங்கிய மறுநாளிலிருந்து அருணா அந்தக் கேள்வியைக் கேட்பதை விட்டுவிட்டார். அதற்குப் பதிலாக ஒவ்வொருவரையும் முன்னால் நிறுத்தி, "எந்தக் கையில போட்டாங்க?" என்று கேட்க ஆரம்பித்தார். வீட்டுக்குக் கை கிடையாது. ஆளுக்குத்தான் உண்டு. போட்டுக்கொண்டவர் உடனே கையைத் தொட்டுக் காட்டுவார். போட்டுக்கொள்ளாதவர் அம்மாவின் முகத்தைப் பார்ப்பார். இதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

நான் இந்தக் கதைக்குள் வந்தது மூன்று வருடத்துக்கு முன்னால். நோட்டுப் புத்தகம் போதவில்லை, போனில் பார்க்கிற மாதிரி ஒரு டேட்டாபேஸ் வேண்டும் என்று மருத்துவமனையில் கேட்டார்கள். முதலில் ஆளின் பெயரையும் அப்பா பெயரையும் ஊரையும் சேர்த்து அடையாளமாக வைத்தேன். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கிற வழக்கம் அங்கே பலமாக உண்டு. ஏரிக்கொல்லையில் மட்டும் ஒன்பது மாதையன்கள் இருந்தார்கள். அதில் இரண்டு பேருக்கு அப்பா பெயரும் கோபால். இருவரின் விவரமும் ஒன்றாகிப்போய், அறுபது வயது மாதையனுக்கு அம்மை ஊசி பாக்கி என்று லிஸ்ட் வந்தது. அவர் கையை நீட்டிக்கொண்டு வந்துவிட்டார், பாவம்.

அடுத்து ஆளுக்கு ஒரு எண், ஆளுக்கு ஒரு கார்டு என்று அச்சடித்துக் கொடுத்தேன். எல்லா வீட்டிலும் அத்தனை கார்டையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டு உத்தரத்தில் தொங்கவிட்டார்கள். மருத்துவமனைக்குப் போகிறவர் எந்தக் கார்டு மேலே இருக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு போனார். அம்மாவின் கார்டில் பிள்ளைக்கு ஊசி ஏறியது. எனக்கு வெறுத்துவிட்டது. "உங்களுக்கு வீடுதானே பெரிசு? வைத்துக்கொள்ளுங்கள்" என்று எல்லாவற்றையும் மாற்றினேன். ஒரு வீட்டுக்கு ஒரு ஆவணம், ஒரே கார்டு, ஒரே ஐடி. அந்த ஆவணத்துக்குள்ளே வீட்டில் இருக்கிறவர்கள் ஒரு வரிசை, போட்ட ஊசிகள் ஒரு வரிசை. ஒவ்வொரு ஊசிக்கும் யாருக்கு, என்ன வகை, எத்தனையாவது தவணை என்ற விவரம். கார்டு குழப்பம் அன்றோடு தீர்ந்தது. நான் பெரிய மூளைக்காரன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அருணா மட்டும் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வூட்டுக்கு ஊசி போட முடியாதுங்களே சார், ஆளுக்குத்தானே போடணும்" என்றார். நான் சிரித்தேன். "உள்ளே ஆள் பேர் இருக்கும்மா, கம்ப்யூட்டர் பார்த்துக்கும்" என்றேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

போன வருடம் ஐப்பசியில் ஒரு புதன்கிழமை ஏரிக்கொல்லையில் ஒரு நாய் ஐந்து பேரைக் கடித்தது. எங்கிருந்தோ வந்த நாய். ஐந்தாவதாகக் கடிபட்டவள் கீதாஞ்சலி. பூவரசன், சாந்தம்மாளின் மகள், ஒன்பது வயது. முழங்காலுக்குக் கீழே நன்றாகப் பல் பதிந்துவிட்டது. அருணா ஐந்து பேரின் காயத்தையும் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் குழாயடியில் கழுவ வைத்து, ஆனந்தனின் ஜீப்பில் அள்ளிப் போட்டுக்கொண்டு போய் முதல் ஊசி போட வைத்தார். அன்று அவரும் ஜீப்பில் ஏறினார். மொத்தம் ஐந்து தவணை. அன்று ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று, ஏழாம் நாள் ஒன்று, அப்புறம் பதினாலு, இருபத்தெட்டு. சனிக்கிழமை இரண்டாவது ஊசியையும் எல்லோரும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த நாய் புளியந்தோப்பில் வாயில் நுரையோடு செத்துக் கிடந்தது. அதைப் பார்த்த பிறகு ஏரிக்கொல்லையில் யாரும் அந்த ஊசியை விளையாட்டாக நினைக்கவில்லை. வெறிநோய் வந்துவிட்டால் வைத்தியம் கிடையாது, வருவதற்கு முன்னால் ஊசி ஒன்றுதான் வழி.

அடுத்த புதன்தான் மூன்றாவது ஊசி நாள். செவ்வாய்க்கிழமை அருணா தன் அம்மாவின் கண் ஆபரேஷனுக்காகத் திருப்பத்தூர் வந்துவிட்டார். அன்று மதியம் பிடித்த மழை புதன் முழுக்க விடவில்லை. ரோட்டின் குறுக்கே மரம் விழுந்து, ஆனந்தனின் ஜீப் புதூர்நாட்டுப் பக்கமே மாட்டிக்கொண்டது. கடிபட்டவர்களில் நான்கு பேர் பெரியவர்கள். வியாழக்கிழமை மழை விட்டதும் நடந்தே போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தார்கள். பூவரசன் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்தார். சாந்தம்மாளுக்குக் கைக்குழந்தை. ஆறு மாதப் பையனைத் தூக்கிக்கொண்டு, பெண்ணையும் நடத்திக்கொண்டு அந்தச் சேற்றில் அவளால் போக முடியவில்லை. யாராவது வந்து கேட்பார்கள் என்று இருந்தாள். வழக்கமாக வந்து கேட்பார்களே.

அருணா இல்லாத நாட்களில் அன்னமேரி சிஸ்டர் தினமும் காலையில் போனைத் திறந்து பாக்கி லிஸ்ட்டைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை லிஸ்ட்டில், ஏரிக்கொல்லை, நாய்க்கடி, மூன்றாம் தவணை, பாக்கி யாருமில்லை என்று வந்தது. அவர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு அடுத்த ஊரைப் பார்த்தார். அவர்மேல் தப்பே கிடையாது. அப்படி நம்பச் சொல்லித்தான் நான் அதைக் கொடுத்திருந்தேன்.

வெள்ளி இருட்டுகிற நேரத்தில் அருணா ஊர் திரும்பினார். சனிக்கிழமை காலை சாந்தம்மாள் வீட்டுக்குப் போனார், லிஸ்ட் சொல்லி இல்லை, குழந்தையின் எடை பார்க்க. தராசில் குழந்தையைத் தொங்கவிட்டுக்கொண்டே கீதாஞ்சலியைப் பார்த்து வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"எந்தெந்தக் கையில போட்டாங்க கண்ணு?"

கீதாஞ்சலி இடது கையைத் தொட்டாள், வலது கையைத் தொட்டாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

காலை பத்து மணிக்கு என் போன் அடித்தது. பள்ளி விடுமுறை என்பதால் என் மகள் ஜெப்சி எதிர் மேஜையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். அவளுக்கும் ஒன்பது வயதுதான். அருணா போனில் மூச்சு வாங்கினார். வழியில் ஒரு பாறைமேல் ஏறினால் மட்டும் அங்கே சிக்னல் கிடைக்கும்.

"சார், உங்க லிஸ்ட்டு சரியில்லைங்க. கீதாஞ்சலி பேரு வரல."

"முடிச்சவங்க பேரு வராதும்மா."

"அவ முடிக்கல சார். மூணாவது ஊசி போடல."

"போட்டதா இருக்கே. போட்டுட்டு மறந்திருப்பாங்க."

"நாய்க்கடி ஊசிய யாருங்க சார் மறப்பாங்க?"

எனக்கு அந்த இடத்தில் கோபம் வந்துவிட்டது. "அருணாம்மா, டேட்டாபேஸ் பொய் சொல்லாது. நீங்க மூணு நாள் ஊர்லயே இல்ல. யாராவது கூட்டிட்டுப் போயிருப்பாங்க, விசாரிங்க" என்றேன்.

அருணா நிதானமாகச் சொன்னார். "அந்தப் புள்ளைக்கு ரெண்டு கைதான் சார் கீது. எடதுல ஒண்ணு போட்டீங்க, வலதுல ஒண்ணு போட்டீங்க. மூணாவத எந்தக் கையில போட்டீங்கன்னு உங்க கம்ப்யூட்டர கேட்டுச் சொல்லுங்க. நா புள்ளையக் கூட்டிக்கினு நடந்துட்டேதான் இருக்கறேன். சிஸ்டருக்கு மட்டும் ஒரு போன் போட்டுருங்க."

போனை வைத்துவிட்டார். என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. எனக்குப் போன் செய்வதற்கு முன்பே பெண்ணைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டிருந்தார்.

நான் சிஸ்டருக்குச் சொன்னேன். மருந்து இருக்கிறது, சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மூடுவோம், இன்றைக்கு அவர்கள் வருகிற வரைக்கும் மூடமாட்டேன் என்றார். பிறகு, அருணாவின் வாயை அடைக்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு, பூவரசன் வீட்டின் ஐடியைப் போட்டு அந்த ஆவணத்தைத் திறந்தேன். ஊசிகளின் வரிசையை மேலிருந்து கீழே படித்தேன்.

கீதாஞ்சலி, நாய்க்கடி, தவணை ஒன்று. கீதாஞ்சலி, நாய்க்கடி, தவணை இரண்டு. அதற்கு மேலே, போன மாதத் தேதியில், தம்பி, குழந்தைத் தடுப்பூசி, தவணை மூன்று.

நான் எழுதிய கேள்வி என்ன செய்துகொண்டிருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. அது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று இரண்டு கேள்வி கேட்டது. இந்த வீட்டில் நாய்க்கடி ஊசி போட்டவர் உண்டா? உண்டு, கீதாஞ்சலி. இந்த வீட்டில் மூன்றாம் தவணை போட்டவர் உண்டா? உண்டு, கைக்குழந்தை. சரி, இந்த வீடு முடிந்தது என்று அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. இரண்டும் ஒரே ஆளின் ஒரே ஊசியா என்று அது கேட்கவில்லை. கேட்கச் சொல்லி நான் எழுதவில்லை. வரிசைக்குள் இருக்கும் ஒரே உருப்படியில் இரண்டு நிபந்தனையும் பொருந்த வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டும். அதற்கென்று ஒரு சொல் இருக்கிறது, அது எனக்குத் தெரியும், பலருக்கு அதை நான் விளக்கியும் இருக்கிறேன். இந்த ஒரு இடத்தில் போடாமல் விட்டுவிட்டேன்.

அருணா முதல் மாதத்தில் செய்து திட்டு வாங்கிய அதே தப்பு. அவர் பதினான்கு வீட்டோடு திருந்திவிட்டார். நான் அதையே மலை முழுக்க, வீட்டுக்கு ஒரே கார்டு என்று மாற்றியதிலிருந்து எட்டு மாதமாக, தினமும் காலையில் செய்துகொண்டிருந்தேன்.

கேள்வியைத் திருத்த ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. திருத்திவிட்டு எட்டு மாதத்துக்கும் சேர்த்து மறுபடி ஓடவிட்டேன். எட்டுப் பெயர்கள் வந்தன. எல்லாமே கைக்குழந்தை இருக்கிற வீடுகள். எட்டையும் சிஸ்டருக்குப் போனில் படித்துக் காட்டினேன். "ஒவ்வொரு ஊருக்கும் போன் போடறேன் சார், நீங்க லைன்ல இருக்காதீங்க" என்றார். அவர் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன்பிறகு எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. ஜெப்சி தான் வரைந்த படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். என்ன படம் என்று இப்போது நினைவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது. பதினொன்றே முக்காலுக்கு ஆனந்தன் போன் செய்தார். காட்டு வழியில் ஓடையில் இடுப்பளவு தண்ணீர் என்று அருணா திரும்பி ரோட்டு வழியாக வருகிறாராம். மரம் விழுந்த இடத்துக்கு இந்தப் பக்கம் ஜீப்பைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன், அவர்கள் மரத்துக்கு அடியில் குனிந்து வந்துவிட்டால் ஏற்றிக்கொள்வேன் என்றார். "பயப்படாதீங்க சார், அவ ஒரு வேலையத் தொட்டா முடிக்காம வுடமாட்டா" என்று அவர் எனக்கு தைரியம் சொன்னார். யாருக்கு யார் தைரியம் சொல்வது என்று இருந்தது எனக்கு.

ஒன்றேகாலுக்குச் சிஸ்டர் கூப்பிட்டார்.

"சார், கீதாஞ்சலிக்குப் போட்டாச்சு."

அந்த வார்த்தையைக் கேட்டதும் நன்றி சொல்லத்தான் வாய் திறந்தேன். வந்தது வேறு.

"எந்தக் கையில சிஸ்டர்?"

சிஸ்டர் சிரித்துவிட்டார். "எடது கை சார். அழல. அருணாதான் அழுதுட்டு இருக்கறா."

நான் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். ஜெப்சி பயந்துபோய் அம்மாவைக் கூப்பிட ஓடினாள்.

மீதி ஏழு பேரும் அருணாவின் பொறுப்பில் இல்லாத ஊர்க்காரர்கள். அவர்களைத் தேடி முடிக்க மறுநாள் மாலை வரை ஆயிற்று. மூன்று பேர் வேறு மருத்துவமனையில் போட்டு முடித்திருந்தார்கள். இரண்டு பேரைக் கடித்தது அவர்கள் வீட்டு நாய்தான், அது இன்றும் வாலாட்டிக்கொண்டு இருக்கிறது. மிச்சம் இரண்டு பேருக்கு டாக்டரைக் கேட்டு ஊசியைத் தொடர்ந்து போட்டார்கள். எட்டு பேரும் நலம். இதை எழுதுகிற இன்றும் நலம். நான் யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று கணக்குப் பார்த்தால் பட்டியல் நீளும். ஞாயிறு ஆராதனையில் ஆண்டவருக்குச் சொன்னேன். அவருக்கு அடுத்தபடி அருணாவுக்குத்தான்.

ஒரு விஷயம் எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது. அந்த எட்டு மாதத்தில் அருணாவின் ஏழு ஊர்களிலும் நாய்க்கடி ஊசி போட்டவர்கள் பத்தொன்பது பேர். அதில் ஆறு வீட்டில் கைக்குழந்தை. என் லிஸ்ட்டை நம்பியிருந்தால் அந்த ஆறும் விட்டுப்போயிருக்கலாம். விட்டுப்போனது கீதாஞ்சலி ஒருத்திதான், அதுவும் அருணா ஊரில் இல்லாத அந்தச் சில நாளில். மற்ற ஐந்து பேரையும் அவர் லிஸ்ட்டில் பெயர் இருக்கிறதா என்று பார்க்காமலே கையைக் கேட்டு முடித்து வைத்திருந்தார். எனக்கு அவர் சொன்னதுகூட இல்லை. "லிஸ்ட்டு உங்க வேலைங்க, கேக்கறது என் வேலைங்க" என்றார், பிறகு கேட்டபோது.

இருபத்தெட்டாம் நாள் ஐந்தாவது ஊசிக்கு நானே மலையேறினேன். போகும்போது ஆனந்தன் ஜீப்பில் முன் இருக்கை கொடுத்தார். மருத்துவமனை வாசலில் அருணாவைப் பார்த்ததும், வரும் வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்த பேச்சு மறந்துபோய்விட்டது. "என்னை மன்னிச்சிருங்கம்மா. நீங்க இல்லன்னா..." என்று ஆரம்பித்து முடிக்க முடியவில்லை.

"இன்னா சார் நீங்க" என்றார் அவர். "நா பதினாலு வூட்டுல தப்பா எழுதிக்கினு வந்தவதானே. சிஸ்டர் கத்தினாங்க. உங்களுக்குக் கத்தறதுக்கு யாரும் இல்ல, அவ்ளோதான்."

அன்று மதியம் நானும் அருணாவும் சிஸ்டரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி பிரித்துப் போட்டோம். ஆளுக்கு ஒரு ஆவணம், ஆளுக்கு ஒரு ஐடி. அதற்குள் அவருக்கு இருக்கும் எல்லாப் பெயரும் ஒரு வரிசையாக, வீட்டில் கூப்பிடுவது, பள்ளியில் கொடுத்தது, ரேஷன் கார்டில் இருப்பது என்று. கார்டு மறுபடி கலந்துவிடுமே என்று நான் பயந்தேன். "கார்டு வூட்டுக்கே இருக்கட்டும் சார். அதக் காட்டினா அந்த வூட்டு மூஞ்சிங்க எல்லாம் போன்ல வரட்டும். யாரு வந்திருக்காங்களோ அந்த மூஞ்சியத் தொட்டுக்கலாம்" என்றார் அருணா. மூன்று தடவை மாற்றி மாற்றிச் செய்து தோற்ற எனக்கு இது தோன்றவில்லை. ஊசி போட்டுக்கொண்டு வந்த கீதாஞ்சலி என் லேப்டாப்பை எட்டிப் பார்த்து, தன் ஐடியைக் காட்டச் சொன்னாள். எழுத்தும் எண்ணுமாக இருபத்து நான்கு. அது வேறு யாருக்கும் கிடையாதா என்று கேட்டாள். கிடையாது என்றேன். நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அவள் போன பிறகு அருணாவின் ஐடியைத் தேடினேன். மூன்று வருடமாக அந்த டேட்டாபேஸுக்குள் தினமும் விவரம் ஏற்றியவர் அதில் எங்கே இருக்கிறார் என்று பார்த்தால், ஆனந்தன் வீடு, இரண்டாவது உறுப்பினர். அவ்வளவுதான். கிராமத்துக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரே கடவுச்சொல் கொடுத்திருந்ததால், எதை யார் பார்த்துச் சொன்னார்கள் என்பதற்குத் தடயமே இல்லை.

நானும் சிஸ்டரும் நான்கு சனிக்கிழமை உட்கார்ந்தோம். அருணாவின் கையெழுத்து இருக்கிற பழைய நோட்டுகளை எடுத்து, ஒவ்வொரு ஊசிக்கும் எதிரே "கேட்டவர்" என்று ஒரு இடம் சேர்த்து, அதில் அருணாவின் ஐடியைப் போட்டோம். "எந்தக் கை" என்றும் ஒரு இடம் சேர்த்தேன். எனக்கு நன்றி சொல்லத் தெரிந்த வழி இதுதான். முடிந்ததும் ஒரு கேள்வியை எழுதினேன். ஒரே ஊசியில், அருணா கேட்டதும் அதனால் போட்டதும் இரண்டும் இருக்கிற ஆட்கள் எத்தனை பேர்? இந்த முறை அந்தச் சொல்லை மறக்கவில்லை. மூன்று தடவை சரிபார்த்துவிட்டு அருணாவுக்குப் போன் போட்டேன். பாறைமேல் இருந்தார் போலும், உடனே எடுத்தார்.

"அருணாம்மா, நீங்க கேட்டதால ஊசி போட்டுக்கிட்டவங்க நானூத்திப் பன்னெண்டு பேரு. ஒவ்வொருத்தர் பேரும் இங்க இருக்கு. அத்தன பேர் சார்பாவும், என் சார்பாவும் உங்களுக்கு நன்றி சொல்றேன்" என்றேன். இந்தத் தடவை பேச்சு மறக்கவில்லை.

அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"அதுல கீதாஞ்சலி கீறாளாங்க சார்?"

"இருக்கறா. அஞ்சும் இருக்குது."

"கடைசி ஊசி எந்தக் கை?"

பார்த்தேன். "எடது."

"ஆமாங்க, எடதுதான்" என்றார் அருணா. "இப்ப லிஸ்ட்டு சரியா கீதுங்க சார்."

அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லிப் போனை வைத்தார்.